நடிப்பு சரியில்லை

மலேசியாவின் பாடாங் செராயில் துணிக்கடை வைத்திருந்த சீதாலட்சுமி, வாடகைக்கு எடுத்த வீடியோ டேப்பில் ஓடிய தொடரைப் பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். தொடரில், மதத்தின் பெயரால் ஆளப்படும் ஒரு நாடு. அங்கே பெண்கள் படிக்கக்கூடாது. பெற்ற பிள்ளையும் அவர்களுக்குச் சொந்தமில்லை. திரையில் ஒரு தாயிடமிருந்து கைக்குழந்தையைப் பறித்தார்கள். அவள் தரையில் புரண்டு கதறினாள்.

தைத்த ரவிக்கைகளைக் கொடுக்க வந்திருந்த அகத்தா கண்கலங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நடிப்பு சரியில்ல, சீதா.”

“உங்களுக்குக் கல்லு மனசுக்கா. பிள்ளையப் புடுங்குனா கத்தாம இருப்பாங்களா?”

“கத்த மாட்டாங்க.”

“கல்யாணமே கட்டாத உங்களுக்கு அது எப்படித் தெரியும் லா?”

அகத்தா ரவிக்கையின் மடிப்பை நீவிவிட்டாள்.

“அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. எஸ்டேட்டுல எங்க ஜெபக்கூட்டம் நடத்துன பெரியவரு வீட்டுக்கு வந்தாரு. கல்யாணம் ஆகாம பெத்த பிள்ள ஆண்டவருக்குத்தான் சொந்தம்னு சொல்லி, ரெண்டு கையையும் நீட்டுனாரு. நானே துண்டுல சுத்திக் கொடுத்தேன்.”

சீதாலட்சுமி எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்தாள்.

“நீங்க ஒண்ணுமே சொல்லலையாக்கா?”

“சொன்னேன். ஆமென்னு சொன்னேன்.”