இரண்டு பவுண்டு எடை

“இன்னைக்கும் எடை குறைஞ்சிருச்சுடா! முழுசா ரெண்டு பவுண்டு!” குளியலறையிலிருந்து தூக்கிவந்த எடைக்கருவியின் முன்னால் மண்டியிட்டிருந்த இன்னிஸ் கூவினான். கொட்டகைக்குள் நுழைந்த மர்டோவுக்கு வயிறு எரிந்தது.

எடைக்கருவியின் மேல் நின்றது ஆள் இல்லை, ஓர் இரும்புச் சட்டம். அதில் நான்கு ஜைரோஸ்கோப் சக்கரங்கள் எதிரெதிராகச் சாய்ந்தபடி விர்ரென்று சுழன்றுகொண்டிருந்தன.

கிரீனக் கப்பல் கட்டும் தளத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் இருவரும். சுழலும் வேகத்திலேயே எடை இழந்து மேலெழும் இயந்திரம் ஒன்றைச் செய்ய, ஒற்றைச் சக்கரம், இரண்டு, மூன்று என்று ஞாயிறுதோறும் இந்தக் கொட்டகையில் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தார்கள். ஒன்று துள்ளி விழுந்தது, ஒன்று சன்னலை உடைத்தது.

‘ரெண்டு ஜோடியாச் சாய்ச்சு வை’ என்று மதுக்கடை மேசையில், பீர் நுரையில் விரலால் வரைந்து காட்டியவன் மர்டோ. செய்து முடித்தவன் இன்னிஸ். இப்போது ஊரெல்லாம் இன்னிஸ் பேச்சுதான்.

“சனிக்கிழமை நகர மண்டபத்துல காட்டப்போறேன். பேராசிரியருங்க, பத்திரிகைக்காரங்க எல்லாரும் வர்றாங்க. நீ முன் வரிசையில உக்காரணும். நல்ல கோட்டாப் போட்டுக்கிட்டு வாடா.”

‘நீ கைதட்டல் வாங்குறதை நான் பக்கத்துல இருந்து பாக்கணும், அதானே?’ மர்டோ பல்லைக் கடித்தான்.

“எங்கயாவது தப்பு இருந்தா இப்பவே சொல்லிடு. உன் கண்ணைத்தான் நம்புறேன்” என்று சொல்லிவிட்டு இன்னிஸ் தேநீர் எடுக்கப் போனான்.

மர்டோ எடைக்கருவியைத் தொட்டுப் பார்த்தான். கிடுகிடுவென்று நடுங்கியது. மூலையில் கிடந்த ரப்பர் துண்டை எடுத்து இயந்திரத்துக்கு அடியில் கொடுத்தான். நடுக்கம் அடங்கியது, முள் மெல்ல ஏறிப் பழைய எடையிலேயே வந்து நின்றது.

அட, இவ்வளவுதானா! அதிர்வில் கருவியின் சுருள்வில் பொய் சொல்லியிருக்கிறது. காலடிச் சத்தம் கேட்டதும் ரப்பரை உருவிச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

“என்னடா, சரியா இருக்கா?”

“ஒரு குறையும் இல்லை. அப்படியே கொண்டுபோய்க் காட்டு.”

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பேராசிரியர்கள் கையோடு ஒரு பெரிய தராசைக் கொண்டுவந்து மேடையில் வைத்தார்கள். அதில் சுருள்வில் கிடையாது, அதிர்வுக்கு ஏமாறாது. முன் வரிசையில் இருந்த மர்டோவுக்கு அதைப் பார்த்ததும் நெஞ்சு இனித்தது.

எழுந்துபோய்ச் சொல்லிவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. அதற்குள் இன்னிஸ் மேடையேற, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ‘தட்டுங்க, தட்டுங்க’ என்று மர்டோ சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

இன்னிஸ் கையமர்த்தினான்.

“பூட்டினது மட்டும்தாங்க நான், இது முழுக்க முழுக்க என் சிநேகிதனோட கண்டுபிடிப்பு. மர்டோ, மேல வாடா, நீயே ஓட்டிக் காட்டு!”