இருபது கோப்பைப் பிறந்தநாள்

யெராமின் முகத்தை அன்று முந்நூறாவது தடவையாகக் கோப்பையில் மாட்டினான் சோக்வோன். பிறந்தநாள் என்னவோ யெராமுக்கு. முதுகுவலி இவனுக்கு.

சியோலில் அந்தக் காபிக் கடையை ரசிகைகள் வாடகைக்குப் பிடிப்பார்கள். பிடித்த பாடகனின் பிறந்தநாளன்று சுவரெல்லாம் அவன் படத்தை ஒட்டி, அவன் முகம் அச்சடித்த காகித உறை சுற்றிய கோப்பையில் காபி குடிப்பார்கள். எப்போதாவது பிறந்தநாள்காரனே முகக்கவசத்தோடு திருட்டுத்தனமாக வந்து, படத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதும் உண்டு. அதனால் முகக்கவசம் போட்டு யார் நுழைந்தாலும், தண்ணீர் கேன் போடுகிறவராகவே இருந்தாலும், கடையில் ஒரு அலறல் கேட்கும்.

“அங்கிள், உறையை நேரா மாட்டுங்க! எங்க ஆளு மூக்கு கோணிப் போச்சு பாருங்க.”

“அவன் மூக்கு நேராத்தான் இருக்கு. காலையிலேருந்து மாட்டி மாட்டி என் கைதான் கோணிப் போச்சு.”

முப்பத்து நாலு வயதுக்காரனை அங்கிள் என்று கூப்பிட இந்தப் பிள்ளைகளுக்கு வாய் கூசுவதே இல்லை.

“நேத்து டிவி போட்டியில யெராம் அழுதானே, பாத்தீங்களா அங்கிள்?”

“எனக்கு இருக்கற அழுகைக்கு டிவி வேறயா? அடுத்தது யாரு, வாங்க.”

பிள்ளைகள் செல்ஃபி எடுக்கப் போனைத் தூக்கினார்கள். படத்தில் விழாமல் அவன் காபி இயந்திரத்துக்குப் பின்னால் நகர்ந்தான். முழங்கால் சடக்கென்றது. பதினேழு வயதிலிருந்தே அந்த முழங்கால் அப்படித்தான்.

கூட்டம் வடிந்த பிறகு, மூலையில் காத்திருந்த பெண் எழுந்து வந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது.

“நவம்பர்ல ஒரு பிறந்தநாள் வைக்கணும். இருபது கோப்பை.”

“இருபதா, இருநூறா?”

“இருபதுதான். போன வருஷம் அதுலயே பதினெட்டு மிச்சம்.”

சோக்வோனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை. “யாருக்கு?”

அவள் ஒரு படத்தை வைத்தாள். வெள்ளிநிறத் தலைமுடி, கண்ணுக்கு மை, ஒட்டிய கன்னம். “சோலான். ஆறு பேர் பாட்டுக் குழுவுல ஒருத்தர். ரெண்டே வருஷத்துல கலைச்சுட்டாங்க. இப்ப யாருக்கும் ஞாபகம் இருக்காது.”

அவன் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. முன்பதிவு நோட்டைப் புரட்டினான். “பதினொண்ணாம் தேதி வேற ஒருத்தருக்குப் போயிடுச்சேம்மா.”

“பதினொண்ணு வேணாம். அன்னைக்கு ஊரே சாக்லேட் குச்சி வாங்கிக் குடுக்கும், கூடவே இவரையும் வித்துடலாம்னு கம்பெனி மாத்தி வெச்ச தேதி அது. உண்மையான பிறந்தநாள் ஒன்பது. கையெழுத்து போடற மேஜையில, ஒரு ஸ்கூல் பொண்ணுகிட்ட மட்டும் அவரே வாய்தவறிச் சொல்லிட்டாரு.”

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ஒன்பது என்று எழுதியது.

“பத்து வருஷமா வைக்கிறேன்,” என்றாள் அவள். “என்னைக்காவது ஒரு தடவை, அவர் பேர்ல போட்ட காபியை அவரே குடிக்கணும். வேற ஆசையெல்லாம் இல்ல.”

“வந்திருக்காரா?”

“இல்ல.”

அவனுக்கு ஏனோ கோபம் வந்தது. “வராத ஆளுக்கு எதுக்கும்மா இந்தப் பாடு? பதினெட்டு கோப்பை மிச்சம்னா அது அவருக்குத்தான் அவமானம். ஊரே மறந்தாச்சு. நீங்களும் மறந்துட்டு, நிம்மதியா வேற யாருக்காவது கைதட்டுங்க.”

சொன்ன பிறகுதான் குரல் ஏறிவிட்டது தெரிந்தது. பக்கத்து மேஜைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், காசு கொடுத்து வசவு வாங்க வந்தவளா இவள் என்று அவனுக்கே கஷ்டமாகிவிட்டது.

ஆனால் அவள் முகம் சுளிக்கவில்லை. “போன மாசம் ஆபீஸ் ஆளுங்களோட இங்க காபி குடிக்க வந்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த வருஷம் இங்கதான்னு.”

“பெரிய பெரிய ஆளுங்க வர்ற கடை, அந்த ராசியில இவரும் வந்துடுவாருன்னு நினைப்பாக்கும்.” அவன் குரலைத் தணித்துக்கொண்டான். “இந்த வருஷமும் வர மாட்டாரு. கேக்கையாவது சின்னதா வாங்குங்க.”

அவள் படத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். கண்ணாடிக் கதவு வரை போய், பிள்ளைகளுக்குக் கேட்டுவிடாதபடி திரும்ப அவன் அருகில் வந்தாள்.

“அவர் எங்கேருந்தும் வர வேணாம். ஒன்பதாம் தேதி நீங்க லீவு போடாம இருந்தா போதும், சோலான் அண்ணா.”