நீட்டிப்பு

அமெரிக்காவின் ஓஹாயோவில், காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் ஒரு சலவைக்கடையின் ஜன்னலெல்லாம் ஆவி படிந்திருக்கிறது. வெளியே அழுக்குப் பனி. உள்ளே ஈரத் துணியும் சோப்பும் கலந்த வெக்கை. சுழலும் துணி உலர்த்தியில் யாருடைய பித்தானோ டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே இருக்கிறது. வெர்னாவும் ட்ரேசியும் கார் இருக்கை தைக்கும் ஆலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். முதலில் வெர்னாவின் பிரிவை மூடினார்கள், அடுத்த வருஷம் ட்ரேசியின் பிரிவை. மேலே தொலைக்காட்சியில் செனட் வாக்கெடுப்பு முடிகிறது.

"பாஸாயிடுச்சு வெர்னா. வேலை போனவங்களுக்கு அரசாங்கம் குடுக்கற பணத்தை இன்னும் சில மாசத்துக்கு நீட்டிச்சுட்டாங்க. அந்தக் கிழவனுங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு பாரேன்." கையில் ஈர ஜீன்ஸோடு ட்ரேசி அவளைக் கட்டிக்கொள்கிறாள். வெர்னா அவள் முதுகைத் தட்டிக்கொடுக்கிறாள்.

"நல்லதுடீ. இனி நீ வீட்டைக் காலி பண்ண வேண்டாம்."

"நமக்கு நல்லதுன்னு சொல்லு."

"எனக்குப் போன மாசமே அந்தப் பணம் முடிஞ்சிருச்சு. இது பாதியில இருக்கிறவங்களுக்குத்தான். முழுசா வாங்கித் தீர்த்தவங்களுக்கு ஒண்ணும் கிடையாது."

ட்ரேசியின் சிரிப்பு அடங்க இடம் தெரியாமல் முகத்திலேயே நிற்கிறது. "ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ இப்ப சந்தோஷப்பட்டிருப்பியா?"

வெர்னா சூடான படுக்கை விரிப்பை எடுத்து மறுமுனையை நீட்டுகிறாள். விரிப்பை உதறி, மடித்து, இருவரும் நெருங்குகிறார்கள். முனைகள் சேர்ந்ததும் ட்ரேசி வெர்னாவின் விரல்களைப் பிடித்தபடி, தலை குனிந்து நிற்கிறாள். தொலைக்காட்சியில் யாரோ கைதட்டுகிறார்கள்.

"விடுடீ," என்கிறாள் வெர்னா, மெல்ல. "இன்னும் ரெண்டு விரிப்பு இருக்கு."