முலாம்பழத்துக்கு ஒரு மீசை

“இது முலாம்பழக் கொடிதான். இல்லேன்னா என் மீசையை எடுத்துடறேன்.”

தையல்காரர் சொல்லி முடித்ததும் தெருவே அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. மனிதருக்கு உயிரே அந்த மீசைதான். மேலுதட்டை முழுக்க மூடி, வாய்க்குள் இறங்கட்டுமா என்று கேட்கிற மீசை. டீ குடித்தால் பாதி டீயை அதுதான் குடிக்கும்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. கை தானாகப் போய் மீசையைத் தொட்டது.

தையல் கடைக்கும் சலூனுக்கும் நடுவே கையகல மண். அதில் யாரும் விதைக்காமல் ஒரு கொடி முளைத்து இரண்டு கடைத் தகரத்திலும் ஏறிவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. எதிரே டீக்கடை வைத்த பாவத்துக்கு டீக்கடைக்காரர்தான் நாட்டாமை.

“காட்டு வெள்ளரிண்ணே இது,” என்றார் சலூன்காரர். “இலையைப் பாருங்க, மூலை மூலையா இருக்கு. முலாம் இலைன்னா வட்டமா இருக்கும். காயைப் பாருங்க, உடம்பு பூரா முள்ளு.”

“பிஞ்சுல முள்ளு இருக்கும், பழுத்தா உதிரும். நீ பொறந்தப்ப இப்படியா இருந்தே?”

“கசக்குதேண்ணே.”

“பிஞ்சுன்னா கசக்கும்பா.”

பாதி சவரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் கன்னத்து நுரையோடு எழுந்து வந்தார். “மீசைன்னு சொல்லிட்டாரு, எல்லாரும் கேட்டாச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள காய் பழுத்துடும், அன்னிக்குப் பாத்துடுவோம்.”

நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். ஓசி வேடிக்கையை யார் விடுவார்கள்?

சலூன்காரர்தான் இழுத்தார். “மீசையெல்லாம் எதுக்குண்ணே? ஒரு டீயோட முடிச்சுக்குவோம்.”

“ஏன், பயந்துட்டியா? நீ என்ன வெக்கறே, அதைச் சொல்லு.”

சலூன்காரர் கண்ணாடியைப் பார்த்தார். கடைக்கு விளம்பரப் பலகையே அவர் தலைதான். அப்படியொரு சுருட்டை முடி.

“நான் தோத்தா மொட்டை,” என்றார்.

அதன் பிறகு தையல்காரருக்கு வேலை ஓடவில்லை. ஒரு சட்டைக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, உடம்பைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள் என்று வாடிக்கையாளரிடமே சண்டை போட்டார். சாயங்காலமானால் டீக்கடையில் வந்து குசுகுசுப்பார்.

“முள்ளு உதிருமில்ல?”

டீக்கடைக்காரர் ஒரு காயைத் திருட்டுத்தனமாகக் கடித்துப் பார்த்திருந்தார். அந்தக் கசப்பு இன்னும் நாக்கைவிட்டுப் போகவில்லை. “பாக்கலாம்ணே,” என்று மட்டும் சொன்னார். ஒரு பிடி மயிருக்கு இந்தப் பாடா என்று உள்ளுக்குள் சிரிப்பாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடியது. தையல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. டீக்கடைக்காரர் குனிந்து இலைகளை விலக்கினார்.

தரையில், வலை போட்ட மாதிரி தோலோடு, மஞ்சளாக ஒரு முலாம்பழம் கிடந்தது.

தையல்காரர் வாயைப் பிளந்தார். சலூன்காரர்தான் முதலில் பேசினார். “கொடியில இல்லையே. காம்பையே காணோமே.”

“பழுத்த முலாம் தானா காம்பை விட்டு விழும்யா, அதுகூடத் தெரியாதா?” தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி, கூடவே குரலும் வந்துவிட்டது. “அண்ணே, வெட்டுங்க.”

வெட்டியதும் தெருவே மணத்தது. தேனாக இனித்தது. ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு எல்லோரும் சலூனுக்குள் நெருக்கியடித்தார்கள்.

சலூன்காரர் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து, தன் தலையைத் தானே மழித்துக்கொண்டார். பின்பக்கம் கை எட்டவில்லை. தையல்காரர் ஆசையாகக் கத்தியை வாங்கி, அளவெடுக்காத துணியை வெட்டுகிற மாதிரி மேடும் பள்ளமுமாக முடித்துவைத்தார். சுருள் சுருளாக முடி கீழே விழுந்தபோது டீக்கடைக்காரருக்கே மனசு என்னவோ செய்தது.

கூட்டம் கலைந்த பிறகு பழத்தோலைக் குப்பையில் போடப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். தோலின் அடியில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர். பழக்கடையில் ஒட்டுகிற ஸ்டிக்கர்.

ரத்தம் கொதித்தது. மீசைக்காக இப்படியொரு பித்தலாட்டமா? ஊர் நடுவில் நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று நேராக சலூனுக்குள் நுழைந்தார்.

“பாத்தியா? கடையில வாங்கி வெச்சு உன் தலையை மொட்டையடிச்சிட்டார்யா அந்த மனுஷன். கிளம்பு, இன்னிக்கு அவரை ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்.”

சலூன்காரர் தோலை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“ச்சே,” என்றார். “அடியில ஒண்ணு ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவே இல்லையே.”

டீக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “நீயா வெச்சே? ஜெயிக்கற பந்தயத்துல நீயே போய் எதுக்குய்யா தோத்தே?”

பக்கத்துக் கடையில் தையல்காரர் யாரிடமோ இலையின் வட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சலூன்காரர் எழுந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினார். ஸ்டிக்கரை உரித்துச் சுருட்டி எறிந்தார்.

“வாரா வாரம் அந்த மீசையை ஒதுக்கி விடறவன் நான். அது அழகுக்காக வெச்சதில்லண்ணே, மறைக்கறதுக்காக வெச்சது. எதைன்னு மட்டும் கேக்காதீங்க.”