குடுவையில் இருக்கிற இன்சுலின்

குடுவையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

கலங்கல். புளித்த கஞ்சித் தண்ணீர் போல.

அதற்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். ஒவ்வொன்றும் தன்னால் முடிந்த அளவு இன்சுலின் செய்து வைத்திருந்தது.

செய்ய வைத்தவள் அவள்தான்.

பிளாஸ்மிட் என்னும் சின்ன டி.என்.ஏ. வளையத்தை வெட்டினாள். இன்சுலின் செய்யும் மனித ஜீனை அதில் ஒட்டினாள். பாக்டீரியாக்களோடு சேர்த்து நாற்பத்தைந்து விநாடி சுடுநீரில் வைத்தாள். அந்தச் சூட்டில் அவற்றின் உடம்பு இளகியது. வளையம் உள்ளே போயிற்று.

யாருடைய ஜீனோ. தங்களுடையது என்றே அவை எடுத்துக்கொண்டன.

மூன்று வருட ஆராய்ச்சி. இந்தத் தலைப்பை அவள் எடுத்ததே, தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் தன் கணவனுக்காகத்தான்.

அவன் ஆய்வகத்துச் சுவரில் சாய்ந்து கிடந்தான். குவார்ட்டர்ஸுக்குள் வெள்ளம் புகுந்ததும் இருவரும் இந்த மாடிக்கு ஏறி வந்தார்கள். மருந்து கீழேயே போய்விட்டது. கடைசி ஊசி நேற்றுக் காலை போட்டது.

மூச்சில் பழ வாசனை வர ஆரம்பித்திருந்தது; இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறுவதன் அடையாளம். அது எதில் போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும்.

"டாக்டரம்மா," என்றான். நாக்கு ஒட்டியது. "கை நெறைய இன்சுலின வச்சுக்கிட்டு என்ன யோசனை? ஒரு ஊசி போட்டு விடேன்."

சிரிக்கப் பார்த்தான்.

சுத்தம் செய்யாமல் ஏற்றினால் பாக்டீரியாவின் நச்சும் சேர்ந்து ஏறும். தாங்கமாட்டான். சுத்தம் செய்யப் பத்து நாள் வேண்டும். இயந்திரம் வேண்டும். கரண்ட் வேண்டும்.

சிரிஞ்சை எடுத்தாள்.

வைத்தாள்.

மறுபடியும் எடுத்தாள்.

எதிர்ச்சாலையில் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. அங்கே ஃப்ரிட்ஜில் சுத்தமான இன்சுலின் இருக்கும்.

சிரிஞ்சைக் கீழே போட்டாள்.

கரண்ட் போனதும் ஃப்ரீசரில் இருந்த தன் பாக்டீரியாக் குப்பிகளை ஆறு தெர்மாகோல் பெட்டிகளில் ஐஸ் போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தாள். ஒவ்வொரு பெட்டியாகத் தரையில் கவிழ்த்தாள். குப்பிகள் மேசைக்கு அடியில் உருண்டு ஓடின. குனிந்து பார்க்கவில்லை.

காலிப் பெட்டிகளை மூடி, ரப்பர் குழாயால் சேர்த்துக் கட்டினாள்.

"உனக்கு நீச்சல் தெரியாதேடி."

"பெட்டிக்குத் தெரியும்."

தண்ணீர் பாட்டிலை அவன் கைக்கு எட்டும்படி வைத்தாள். நெற்றியைத் தொட்டாள்.

"தூங்கிடாதப்பா."

கடைசிப் படியில் தண்ணீர் இடுப்பளவு இருந்தது. வராந்தாவில் மார்பளவு.

வராந்தா விளிம்பில், பெட்டிகளை அணைத்துக்கொண்டு ஜெனரேட்டர் சத்தத்தின் பக்கம் சாய்ந்தாள்; கால் தரையை விட்டது.