கடற்பசுவின் ஓட்டு

கடல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அந்த வருடம் கடற்பசுவுக்கும் ஓர் ஓட்டுக் கொடுத்திருந்தார்கள். அது சொல்வதை மேசைமேல் இருந்த ஸ்பீக்கர் தமிழில் பேசியது.

"குட்டி போட்டிருக்கேன். கடற்புல் பக்கம் படகு வர வேண்டாம்."

மற்றவர்கள் சரிபாதியாகப் பிரிந்துவிட, மீனவப் பெண்களின் பிரதிநிதியான பிலோமியின் ஓட்டுதான் மிச்சம். அவள் கணவன் கஸ்பார் வலை விடுவதும் அந்தக் கடற்புல் பக்கம்தான். காலையிலிருந்து வாக்குவாதம் கேட்டுச் சலித்திருந்தவள், கடற்பசுவுக்காக மெல்லக் கையைத் தூக்கினாள்.

சேதி அவளுக்கு முன்பே கரைக்கு வந்திருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றான் கஸ்பார்.

"கேட்டிருந்தா எனக்குக் கை எழும்பியிருக்காதுங்க."

அவன் படகைத் தண்ணீரை விட்டு மணல்மேட்டுக்குத் தள்ள ஆரம்பித்தான். தனியாளாகத் தள்ள முடியவில்லை. பிலோமியும் போய்த் தோள் கொடுத்தாள்.