ப்ளஸ் சி

"காஸோட டெரிவேட்டிவ் சைனா, மைனஸ் சைனாக்கா? சரியா ஞாபகம் இல்ல. இருக்கிற ஞாபகத்தையும் நம்ப முடியல."

நோயல் பென்சிலால் நெற்றியில் தட்டிக்கொண்டான். அவன் காலாட்டியதில் நாகேஸ்வரராவ் பூங்காவின் அந்தப் பழைய பெஞ்சே அதிர்ந்தது.

"மைனஸ் சைன்," என்றாள் ஸ்வர்ணலதா. "முதல்ல கால் ஆட்டறத நிறுத்து. எனக்குத் தலை சுத்துது."

நிறுத்தினான். அடுத்த நிமிடம் எழுந்து பெஞ்சைச் சுற்றி நடக்கத் தொடங்கினான்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில்தான் பழக்கம். இதே பெஞ்சில், இருவர் மடியிலும் கால்குலஸ் புத்தகம். நாற்பதை நெருங்கிய ஸ்வர்ணலதாதான் முதலில் கேட்டாள்: "தம்பி, இந்த ஸ்டெப் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? தொட்டுப் பல வருஷம் ஆச்சு." நோயலுக்கு உயிர் வந்தது. உலகத்தில் இன்னொருவருக்கும் மறந்திருக்கிறது.

"வீட்ல உட்கார்ந்து படிக்க முடியாதா?" என்று இன்று கேட்டாள்.

"சாந்தோம்ல ஒரு ஹால், ஒரு ரூம். அப்பா எதுவும் பேச மாட்டாரு. பேப்பரைப் பிரிச்சு வச்சிக்கினு என்னையே பார்ப்பாரு. திட்டினாக்கூடப் படிச்சிடலாம்க்கா."

இன்ஜினியரிங்கை இரண்டாம் செமஸ்டரில் விட்டுவிட்டுச் சாப்பாட்டு டெலிவரிக்குப் போனவன் அவன். இப்போது கல்லூரி திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தது, ஒரு நிபந்தனையோடு.

"இந்த ஒரு செமஸ்டர்தான். மேத்ஸ்ல போச்சுன்னா வெளிய அனுப்பிடுவாங்க. அப்பா கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காரு."

ஒரு அணில் மரத்திலிருந்து இறங்கி, யோசித்து, மறுபடி ஏறிப்போவதைப் பார்த்தாள் ஸ்வர்ணலதா.

"எனக்கும் இந்த ஒரு செமஸ்டர்தான் நோயல். சரியா வரலன்னா வீட்டுக்குப் போயிடலாம்னு பிரின்சிபால் சொல்லிட்டார்."

"உங்களையுமா? எந்த டிபார்ட்மெண்ட் நீங்க?"

"மெக்கானிக்கல். அதுல இப்ப ஆளே சேர்றதில்ல."

"எங்க காலேஜ்லயும் அதே கதைதான்."

எந்தக் கல்லூரி என்று அவன் கேட்கவில்லை. தன்னுடையதைச் சொல்ல அவனுக்குக் கூச்சம். "ஓ.எம்.ஆர். பக்கம்" என்பதோடு இருவரும் நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்குக் கூட்டல் கழித்தல் குறிகள் இடம் மாறும். அவளுக்கு வேறு வியாதி. இன்டெக்ரேஷன் என்ற தொகையிடும் கணக்கின் விடை முடிவில் 'ப்ளஸ் சி' என்று எழுத வேண்டும். எவ்வளவென்று நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே மிச்சம் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அவள் அதை மறந்துவிடுவாள். தவறைக் கண்டுபிடித்தவர் வாய் திறக்காமல் ஒற்றை விரலைத் தூக்குவார். தப்புப் போட்டவர் ஒரு டீ வாங்கித் தர வேண்டும் என்று அர்த்தம்.

அன்றும் நோயலின் விரல் உயர்ந்தது.

"ச்சே!" என்று புத்தகத்தை மூடினாள் ஸ்வர்ணலதா.

பூங்கா வாசலில் தனபாலன் டீ ஆற்றிக்கொண்டே கேட்டான்: "இன்னா நைனா, இன்னிக்கு யாரு அவுட்டு?"

"அக்காதான்."

"அக்கா டெய்லி அவுட்டு! ரெண்டு பேரும் படிச்சு இன்னா பண்ணப் போறீங்கோ? இப்டியே தப்புத் தப்பாப் போட்டுக்கினு இருங்க, என் கடையாவது ஓடும்."

அவள் சிரிக்கவில்லை. டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். டீயின் மேல் ஏடு படிந்தது.

"திங்கக்கிழமை கிளாஸ் ஆரம்பிக்குது, நினைச்சாலே பயமா இருக்குக்கா," என்றான் நோயல். "எல்லாம் பதினெட்டு வயசுப் பசங்க. என்னை அங்கிள்னு கூப்பிடுவானுங்க."

"அப்ப என்னை என்னன்னு கூப்பிடுவாங்கன்னு யோசிச்சுப் பார்."

"நான் நேரா கடைசி பெஞ்சுக்குப் போயிடுவேன். நீங்களும் அதையே பண்ணுங்க."

"எனக்கு அந்த வசதி இல்ல."

"ஏன், கண்ணு தெரியாதா?"

அவள் சாலையைப் பார்த்தாள். ஒரு பேருந்து வந்து, நின்று, போனது.

"கிளாஸ்ல ஏதாவது கேட்டு, எனக்குத் தெரியலன்னா?"

"தெரியலன்னு சொல்லிடுங்க. உயிரா போயிடும்?"

இதுவரை யாரும் தனக்கு இதைச் சொன்னதில்லை என்பதுபோல அவனைப் பார்த்துவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

திங்கட்கிழமை காலை நோயல் சொன்னபடியே கடைசி பெஞ்சில் இருந்தான். பக்கத்துப் பையன் ஒருமுறை அவன் தாடியைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தான். கால் தானாக ஆடியது. பெஞ்சும் ஆடியது. அப்பா இந்நேரம் பேப்பரைப் பிரித்திருப்பார்.

காலடிச் சத்தம். வகுப்பு எழுந்து நின்றது. நோயலும் எழுந்தான், முன்னால் தலைகள் மறைத்தன. 'உட்காருங்க' என்று கூடச் சொல்லாமல் சாக்பீஸ் கிறீச்சிடத் தொடங்கியது. ஒவ்வொருவராகத் தாமாகவே உட்கார்ந்தார்கள்.

பலகையில் ஒரு தொகையிடும் கணக்கு. படிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கின. எல்லாம் அவனுக்குப் புரிந்தது. அதுவே ஆச்சரியமாக இருந்தது. கடைசி வரியில் விடை. அடியில் இரட்டைக் கோடு.

ப்ளஸ் சி இல்லை.

முதுகு காட்டி எழுதிய ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, பழக்கத்தில், நோயலின் ஒற்றை விரல் மேலே போய்விட்டது.

"ஏதாவது டவுட்டா?" என்று சாக்பீஸோடு திரும்பிய ஸ்வர்ணலதா, அந்த விரலைப் பார்த்து அப்படியே நின்றாள்; வகுப்பு காத்திருக்க, மெல்லத் திரும்பி ப்ளஸ் சி போட்டாள்.

அந்த செமஸ்டரில் நோயல் தேறினான், மெக்கானிக்கலில் ஆள் சேராமல் கணக்கு எடுக்க வந்த அவளை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை, அப்பா லூயிஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு மகனோடு பேசத் தொடங்கினார்; தனபாலனுக்குத்தான் இரண்டு வாடிக்கை போயிற்று.